மேல் இரண்டு அங்குல மீன்கள்: யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் வளர்க்கும் முறை

பஞ்சாக்ஸ், ஹாஃப்பீக், ஹட்செட் மூன்றும் தொட்டியின் மேல் இரண்டு அங்குலத்தை விட்டுக் கீழே இறங்க விரும்பாத மீன்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். முதுகு பலகைபோல நேராக இருக்கும், வாய் மேல்நோக்கித் திறக்கும், முதுகுச் செட்டை பின்னுக்குப் போய் வாலுக்குக் கிட்ட நிற்கும். தண்ணீரில் விழுகிற எறும்பையும் ஈயையும் கீழேயிருந்து கௌவிப் பிடிக்க அமைந்த உடம்பு அது. இந்த மீன்கள் சாவதும் பெரும்பாலும் மேற்பரப்பில் நடக்கிற பிழைகளால்தான். மூடியில் விட்ட இடைவெளி, தண்ணீர்மேல் படர்ந்த எண்ணெய்ப்படை, பக்கத்தில் கொளுத்தி வைத்த நுளம்புத்திரி, இவற்றில் ஒன்றாக இருக்கும். ஆகவே இங்கே அதிகம் சொல்லப்போவது மூடியையும் மேல்தண்ணீரையும் பற்றித்தான்.

முதலில் கிணறு, பிறகு மீன்

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத்தண்ணீர்தான். அந்தக் கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரோடு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். பள்ளிக்கூடத்தில் படித்த வன்னீர் இது. அமில-காரத் தன்மையைக் காட்டுகிற பி.எச். பெறுமானம் பெரும்பாலும் 7-க்கு மேலேயே நிற்கும். கரையோரக் கிணறுகளில் கோடை முற்ற முற்ற உவரும் சேரும். செம்மண் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகளில் பசளையிலிருந்து இறங்கிய நைத்திரேற்று கூடுதலாக இருக்கும்.

இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டாமல், அதற்கு ஒத்த மீனைத் தெரிவு செய்வதே புத்தி. சின்னப் பஞ்சாக்ஸ், அதாவது அப்லோகைலஸ் பார்வஸ், இலங்கையின் தாழ்நிலக் குளங்களிலும் வாய்க்கால்களிலும் தானாகவே வாழ்கிற மீன். ஐந்து ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் வளராது. வன்னீரும் லேசான உவரும் அதற்குப் பொருட்டில்லை. தலை உச்சியில் வெள்ளிப்பொட்டு ஒன்று மின்னும். மேலேயிருந்து பார்த்தால் மீனுக்கு முன் அந்தப் பொட்டுத்தான் கண்ணில் படும். முதன்முதல் வளர்ப்பவர்கள் இதிலேயே தொடங்குங்கள். கடையில் "கோல்டன் வொண்டர்" என்று வருகிற மஞ்சள் பஞ்சாக்ஸ் வேறு இனம். பத்துச் சென்ரிமீற்றர் வரை வளர்ந்து, வாய்க்குள் அடங்குகிற கப்பி மீன் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதைத் தனியாக வையுங்கள்.

ஹாஃப்பீக் தென்கிழக்காசிய மீன். கீழ்த்தாடை ஊசிபோல நீண்டிருக்கும். குட்டி போடுகிற இனம், யாழ்ப்பாணத் தண்ணீர் நன்றாகவே ஒத்துவரும். ஆனால் பயந்தால் அம்புபோலப் பாய்ந்து கண்ணாடியில் மோதித் தாடையை முறித்துக்கொள்ளும். ஆண் மீன்கள் ஒன்றையொன்று தாடையில் கவ்விக்கொண்டு விடாமல் சண்டைபிடிக்கும். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் போதும்.

ஹட்செட் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நெஞ்சு கோடாலியின் அலகுபோல இறங்கியிருக்கும். அது முழுக்கத் தசை, தண்ணீரை விட்டு எம்பிப் பாய்வதற்கு. மென்னீரும் சற்று அமிலத் தன்மையும் கேட்கிற மீன். வெறும் கிணற்றுத் தண்ணீரில் விட்டால் சில கிழமைகளில் ஒவ்வொன்றாக மெலிந்து போகும். மூன்று பங்கு மழைத்தண்ணீருக்கு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர் என்று வருடம் முழுவதும் கலக்க முடிந்தவர்கள் மட்டும் இதை வாங்கலாம். முடியாதவர்கள் கடையில் பார்த்து ரசித்துவிட்டு வருவது மீனுக்கு நல்லது.

தொட்டியும் அதன் மூடியும்

இந்த மீன்களுக்கு ஆழம் வீண். நீளமும் அகலமும் வேண்டும். 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம் உள்ள 5 மில்லிமீற்றர் கண்ணாடித் தொட்டி போதும். அதை முழுக்க நிரப்பாமல் 9 அங்குலம் வரை நிரப்பி, மேலே 3 அங்குலம் காற்றுவெளி விடுங்கள். அப்போது சுமார் 42 லீற்றர் தண்ணீர் நிற்கும். கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்து 60 கிலோ வரும். ஆடாத மேசையில், அடியில் அரை அங்குல ரெஜிபோம் விரித்து வையுங்கள். 9 அங்குலக் கோட்டில் வெளியே ஒரு ரேப் துண்டை ஒட்டிவிடுங்கள். பிறகு நீர்மட்டம் பார்க்க இதுதான் அளவு.

காற்றுவெளி எதற்கு என்றால், பயந்து பாய்கிற மீன் மூடியில் அடிபடாமல் திரும்பி விழ வேண்டும். நீர்மட்டம் மூடியை ஒட்டியிருந்தால் பாய்ந்த வேகத்தில் வாய் உடையும்.

மூடியில் எங்கேயும் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளிகூட இருக்கக்கூடாது. மீனின் தலை நுழைகிற ஓட்டையால் மீன் முழுதும் போகும். காற்றுக்குழாய் இறங்குகிற மூலைதான் வழக்கமாகக் கவனத்துக்குத் தப்புவது. அங்கே பஞ்சுத்துண்டை இறுக்கி அடையுங்கள். கண்ணாடி மூடி போடலாம், ஆனால் பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை அது வெக்கையைத் தொட்டிக்குள்ளேயே பூட்டிவைக்கும். அலுமினியச் சட்டத்தில் நைலோன் நுளம்பு வலையை இழுத்து அடித்த மூடி யாழ்ப்பாணத்துக்கு மிகப் பொருத்தம். கம்பி வலை வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தொட்டிக்குள் உதிரும். வீட்டில் பூனை இருந்தால் சட்டத்தின் மேல் பாரம் ஒன்று வைக்க வேண்டும்.

விளக்கு மேற்பரப்பை ஒட்டியிருந்தால், இந்த மீன்கள் இருக்கிற அதே இரண்டு அங்குலம்தான் முதலில் கொதிக்கும். வெப்பமானியை அடியில் ஒட்டிவைத்து 29 பாகை என்று நம்பியிருப்பவர்கள் மேல்தண்ணீரிலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். விளக்கை ஓர் அடி உயர்த்துங்கள், எட்டு மணித்தியாலத்துக்கு மேல் எரியவிடாதீர்கள். இருட்டு அறையில் தொட்டி விளக்கைத் திடீரென்று போடுவதும் பாய்ச்சலுக்குக் காரணம். அறை விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள்.

அடியில் ஓர் அங்குலம் கழுவிய ஆற்றுமணலோ கருங்கல் குறுணியோ போதும். வெண்மணல் போட்டால் கீழேயிருந்தும் வெளிச்சம் தெறித்து, மீன் நிறம் வெளுத்துப் பதுங்கும். மேலே மிதக்கிற தாவரம் அவசியம். சல்வீனியா எங்கும் கிடைக்கும். நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவவிடாதீர்கள். குளத்திலிருந்து எடுத்தால் தும்பிக் குடம்பி ஒளிந்து வரும். அது மீனையே பிடித்துத் தின்னும். வெளிறிய றோஸ் நிறத்தில் கொண்டீஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று) கரைத்துப் பத்து நிமிடம் ஊறவைத்து, வேரை அலசி, கண்ணால் பார்த்து விடுங்கள். மிஞ்சிய சல்வீனியாவை வெயிலில் காயப்போட்டு எறியுங்கள். வாய்க்காலில் போட்டால் அந்த வாய்க்கால் மூடிவிடும்.

தண்ணீர் தயார் செய்தல்

மோட்டரால் இறைத்த உடனே கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றக்கூடாது. நிலத்தடித் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு அதிகம். வாளியில் ஒருநாள் திறந்து, மேலே வலை போட்டு வையுங்கள். கூரைமேல் இருக்கிற கறுப்புத் தாங்கியிலிருந்து எடுப்பதானால் விடிய எடுங்கள். மத்தியானத்தில் அந்தத் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால், அல்லது பவுசர் தண்ணீர் என்றால், அன்டி குளோரின் துளிகளைப் போத்தலில் சொன்ன அளவுக்கு விட்டபிறகே அந்தத் தண்ணீரைப் பாவியுங்கள்.

காற்றுப் பம்பில் ஓடுகிற பஞ்சு வடிகட்டியே இந்த மீன்களுக்குப் போதும். குமிழியைக் குறையுங்கள், மேற்பரப்பு முழுக்கக் கொதிக்கிற மாதிரி இருந்தால் மீன் நிற்க இடமில்லாமல் களைத்துப்போகும். ஒரு மூலையில் மட்டும் லேசாக அசைந்தால் சரி. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், முடியாவிட்டால் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். கரண்ட் நிற்கும்போது தண்ணீர் குழாயால் திரும்பிவந்து பம்புக்குள் இறங்கிவிடும்.

தொட்டியை நிரப்பியதும் மீன் விடாதீர்கள். கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியா பஞ்சில் குடியேற நாலு தொடக்கம் ஆறு கிழமை பிடிக்கும். அதுவரை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீன் போட்டு வாருங்கள். நோயில்லாத தொட்டி வைத்திருக்கிற தெரிந்தவரிடம் பழைய பஞ்சில் ஒரு துண்டு வாங்கி வைத்தால் இந்தக் காலம் பாதியாகும். யாழ்ப்பாணத்தில் இந்தப் பொறுமை மற்ற இடங்களைவிட முக்கியம். 30 பாகையில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் ஏழு எட்டுப் பங்கு நஞ்சாகிவிடும். தென்பகுதியின் மென்னீரில் தப்புகிற பிழை இங்கே மீனைக் கொல்லும்.

வற்றுகிற தண்ணீர்

வலை மூடி போட்ட இரண்டடித் தொட்டியில் ஒருநாளைக்கு முக்கால் முதல் ஒரு லீற்றர் வரை ஆவியாகும். சோளகம் வீசுகிற மாதங்களில் இன்னும் கூடும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், சுண்ணாம்பும் உப்பும் தொட்டியிலேயே தங்கும். குறைந்ததைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால் ஒவ்வொரு லீற்றரோடும் புதிய சுண்ணாம்பு ஏறும். மூன்று மாதத்தில் கண்ணாடியில் வெள்ளைக்கோடு விழுகிறது, மீன் காரணமில்லாமல் செட்டையை ஒடுக்குகிறது என்றால் இதுதான் காரணம்.

ஆகவே வற்றியதை நிரப்ப மழைத்தண்ணீர், மாற்றுவதற்குக் கிணற்றுத் தண்ணீர். இதை மறக்கக்கூடாது. மாரியில் ஒரு 200 லீற்றர் பரலைப் பிடித்து நிரப்பினால் ஆடி வரை வரும். முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விடுங்கள். ஓட்டுக்கூரை நல்லது. துத்தநாகத் தகரக் கூரை வேண்டாம். மழைத்தண்ணீர் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு வரும், அது மீனுக்கு நஞ்சு. பரலின் வாயை நுளம்பு வலையால் இறுகக் கட்டுங்கள். பரல் முடிந்தால் கடையில் விற்கிற, உப்பும் சுண்ணாம்பும் நீக்கி வடித்த ஆர்.ஓ. தண்ணீர் பாவிக்கலாம். அல்லது கிணற்றுத் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு, வெள்ளை அடியில் படிந்தபின் மேல்தண்ணீரை மட்டும் வார்த்தெடுங்கள். சுண்ணாம்பில் பெரும்பங்கு அந்தச் சட்டியிலேயே நின்றுவிடும், உப்பு மட்டும் போகாது.

கிழமைக்கு ஒருமுறை எட்டு லீற்றர், அதாவது ஒரு வாளி, மாற்றுங்கள். புதுத் தண்ணீரை ஒரு பீங்கான் தட்டின் மேல் மெல்ல ஊற்றுங்கள். எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சைப் பிழிந்து அலசுங்கள். குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் பற்றீரியா எல்லாம் போய்த் தொட்டி முதல்நாளுக்குத் திரும்பிவிடும்.

மேற்பரப்பில் வானவில் நிறத்தில் மெல்லிய படை தெரிந்தால் கவனியுங்கள். தீனின் கொழுப்பும் குசினிப் பொரியல் புகையும் சேர்ந்து உண்டாவது அது. ஒட்சிசன் உள்ளே இறங்குவதைத் தடுக்கும், மேல்மீன் முதலில் வாய்பிளக்கும். அச்சடிக்காத வெள்ளைத்தாள் ஒன்றைப் பரப்பில் விரித்து, ஒரு முனையைப் பிடித்து இழுத்தெடுத்தால் படை தாளோடு வந்துவிடும்.

மீனை வாங்கி விடுதல்

தெற்கிலிருந்து வருகிற மீன் மென்னீரில் வளர்ந்து, நீண்ட நேரம் பையில் கிடந்து வரும். கடைக்கு வந்து எத்தனை நாள் என்று கேளுங்கள். ஒரு கிழமையாவது யாழ்ப்பாணத் தண்ணீரில் நின்ற மீனையே வாங்குங்கள். வயிறு ஒட்டியது, தாடை நுனி வெள்ளையானது, மற்றவற்றை விட்டு மூலையில் நிற்பது வேண்டாம். பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு சின்னக் கப் தொட்டித் தண்ணீர் வீதம் ஒரு மணித்தியாலம் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். அன்று விளக்கும் வேண்டாம், தீனும் வேண்டாம். முதல் மூன்று இரவும் மூடியை இன்னொருமுறை தடவிப் பாருங்கள், புதுமீன் அதிகம் பாய்வது அந்த இரவுகளில்தான்.

மேலே சொன்ன தொட்டிக்குச் சின்னப் பஞ்சாக்ஸ் எட்டு, இரண்டு ஆணும் ஆறு பெட்டையும். ஹாஃப்பீக் என்றால் ஓர் ஆணுக்கு ஐந்து பெட்டை. இரண்டையும் கலக்காதீர்கள். கீழ்த்தண்ணீரை நிரப்ப நாலைந்து பிளாட்டி மீன் விடலாம். வன்னீர் அதற்குப் பிடித்தமானது.

தீன்

இந்த மீன்கள் அடியில் விழுந்ததைப் பொறுக்க மாட்டா. மிதக்கிற தீனை விரலால் நசுக்கி ஒரு மில்லிமீற்றருக்குச் சிறிதாக்கிக் காலையும் பின்னேரமும் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் தின்று முடிக்கிற அளவே அளவு. கிழமையில் ஒருநாள் பட்டினி.

ஆனாலும் காய்ந்த தீன் மட்டும் தின்கிற ஹாஃப்பீக் நல்லபடி குட்டி போடாது, பூச்சி வேண்டும். அளிந்த வாழைப்பழத்தைப் போத்தலில் போட்டு வைத்தால் பழ ஈ சேரும். போத்தலைப் பத்து நிமிடம் குளிர்பெட்டிக்குள் வைத்தால் ஈக்கள் மயங்கும், அப்படியே தட்டி விழுத்துங்கள். முதல் மழைக்குப் பறக்கிற ஈசல் நல்ல தீன்தான், ஆனால் கொழுப்பு அதிகம். மீனுக்கு ஒன்று, இறகு பிடுங்கி, கிழமைக்கு இருமுறை. புகையிலை, வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களில் பிடித்த பூச்சி எதுவும் வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள்.

நுளம்புக் குடம்பி இவற்றுக்கு உயிர். அதற்காக வாளியில் தண்ணீர் வைத்து வளர்க்காதீர்கள். நம்முடைய வெக்கையில் முட்டை ஒரு கிழமை பத்து நாளில் நுளம்பாகிப் பறந்துவிடும், ஊரில் டெங்கு. நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட.

அதே நுளம்பை விரட்டப் பாவிக்கிறவை இந்த மீன்களுக்குப் பெரிய எதிரி. நுளம்புத்திரியிலும் செருகி எரிக்கிற திரவத்திலும் புகை அடிக்கிற மருந்திலும் இருக்கிற பைரெத்ரொயிட் வகை நஞ்சு மனிதருக்குச் சிறிது, மீனுக்கு மிகக் கொடியது. காற்றுப் பம்பு அறைக்காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் விடும். தொட்டி இருக்கிற அறையில் திரி கொளுத்தாதீர்கள். ஒழுங்கைக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் பம்பை நிறுத்தி, தொட்டியைப் பொலித்தீனால் மூடி, ஈரத்துவாய் ஒன்றை மேலே போட்டு, புகை அடங்கிக் கதவு யன்னல் திறந்து காற்றோடவிட்டபின் எடுங்கள். மீன் குறைவாக உள்ள தொட்டி இரண்டு மூன்று மணித்தியாலம் காற்றில்லாமல் தாங்கும்.

வெக்கையும் வாடையும்

வெப்பமூட்டி இங்கே அநேகமாகத் தேவையில்லை. மேல்தண்ணீர் 32 பாகையைத் தாண்டினால் சின்ன விசிறி ஒன்றை வலை மூடிமேல் சரிவாக வீசவிடுங்கள், இரண்டு மூன்று பாகை இறங்கும். ஐஸ் போடுவது கூடாது, திடீர் இறக்கம் மீனை நோயில் தள்ளும். மார்கழி, தை வாடையில் இரவுக் குளிர் இறங்கும்போது வெள்ளைப்புள்ளி நோய் வரும். செட்டையில் உப்புக்கல் தூவியதுபோல இருக்கும். மிதக்கும் தாவரத்தை எடுத்துவிட்டு லீற்றருக்கு 2 கிராம் உப்பு, 42 லீற்றருக்கு 84 கிராம், நிறுத்துக் கரைத்து இரண்டு நாளில் மூன்று தடவையாக விடுங்கள். வெப்பமூட்டி இருந்தால் 30-க்குக் கொண்டுபோங்கள். புள்ளி மறைந்தபிறகும் ஒரு கிழமை தொடர வேண்டும். ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கிய பிறகுதான் உப்பும் சூடும் அதைப் பிடிக்கும். ஹட்செட்டுக்கு உப்பைப் பாதியாக்குங்கள்.

நிலத்தில் பாய்ந்து கிடக்கிற மீனைக் கண்டால், செவுள் ஈரமாக இருந்தால் நனைந்த கையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். தூசியைத் துடைக்க வேண்டாம், துடைத்தால் தோலின் வழுவழுப்புப் போய்ப் பூஞ்சணம் பிடிக்கும்.

பஞ்சாக்ஸ் குஞ்சு எடுத்தல்

பச்சை அக்ரிலிக் நூலில் ஓரடி நீளத்துக்கு முப்பது இழை வெட்டி, நடுவில் மடித்துக் கட்டி, ஒரு ரெஜிபோம் துண்டில் தொங்கவிடுங்கள். நூலை முதலில் கொதிதண்ணீரில் போட்டுச் சாயம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டை ஒருநாளைக்குச் சில முட்டை வீதம் இழைகளுக்குள் இட்டுவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொத்தை எடுத்துப் பிழிந்து, வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பாருங்கள். ரவை மணி அளவில் கண்ணாடிபோலத் தெரிவதுதான் முட்டை. மெல்லிய நார் ஒன்றால் இழையோடு ஒட்டியிருக்கும். விரலால் பிடித்து இழுக்கலாம், நல்ல முட்டை நசியாது; நசிவது கருக்கட்டாதது.

ஐஸ்கிறீம் கப்பில் இரண்டு அங்குலம் தொட்டித் தண்ணீர், அதில் பூஞ்சணம் பிடிக்காமல் நிறம் தெரிந்தும் தெரியாமலும் மெதிலீன் நீலச் சாயம். வெள்ளையாகிற முட்டையை அன்றன்றே துளிக்குழாயால் எடுத்து எறியுங்கள், விட்டால் பூஞ்சணம் பக்கத்து முட்டைக்கும் தாவும். ஒரு கிழமை கழியும்போது உள்ளே இரண்டு கறுப்புக் கண் தெரியும். இரண்டு கிழமைக்குள் பொரிக்கும், வெக்கையில் சில நாள் முந்தும்.

குஞ்சும் முதல் நாளிலிருந்தே மேற்பரப்பில்தான் நிற்கும். அதற்குத் தீன் ஆட்டீமியா, அதாவது உப்புத்தண்ணீரில் வாழ்கிற இறால்போன்ற நுண்ணிய உயிரி. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 30 கிராம் ஆனையிறவுக் கல்லுப்பு, கால் தேக்கரண்டி ஆட்டீமியா முட்டை, நன்றாகக் காற்று, 24 மணித்தியாலம். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கோது மேலே வரும், செம்மஞ்சள் குஞ்சுகள் கீழே சேரும். மெல்லிய குழாயால் இழுத்து, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் காலையும் பின்னேரமும் கொடுங்கள். ஆட்டீமியா வெளிச்சத்தை நோக்கி நீந்தும். கப்புக்கு மேலே சின்ன விளக்கு ஒன்று வைத்தால் குஞ்சு நிற்கிற இடத்துக்கே தீன் வந்துசேரும்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை பெரிதையும் சிறிதையும் பிரிக்க வேண்டும். அரை அங்குல அண்ணன் கால் அங்குலத் தம்பியை விழுங்கிவிடுவான். குஞ்சு கூடிவிட்டதென்று கிணற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள், தொட்டி வைத்திருக்கிறவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது மூடிக்கு அளந்து வெட்டிய வலைத்துண்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.